நிரூபிக்க வேண்டியவர் யார்?

1968 அக்டோபர் 16 அன்று மெக்சிகோ நகரத்தில் 200 மீட்டர் ஓட்டத்துக்கான பதக்க மேடையில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் கறுப்புக் கையுறை அணிந்த கைகளை உயர்த்தினார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக உயர்ந்த அந்தக் கைகளின் படம் பள்ளிப் பாடநூல் வரை வந்துவிட்டது. இரண்டு பேரையும் அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பிய செய்தியும் எல்லோருக்கும் தெரியும். அதே ஒலிம்பிக்கில் நடந்த இன்னொரு காரியம் பெரும்பாலோர் நினைவில் இல்லை. போட்டியிட வந்த பெண்கள் தாங்கள் பெண்கள்தான் என்று பரிசோதனைக் கூடத்தில் நிரூபித்தாக வேண்டும் என்ற விதி கோடை ஒலிம்பிக்கில் நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டில்தான். கன்னத்தின் உட்புறத்திலிருந்து சுரண்டி எடுத்த செல்லை நுண்ணோக்கியில் பார்த்து, குரோமோசோம் சரியாக இருந்தால் ஓடலாம். ஆண்களுக்கு அப்படிப்பட்ட சோதனை எதுவும் கிடையாது. இந்த விதியைக் கண்டித்து அன்று எந்த மேடையிலும் கை உயரவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அதன் வாரிசான இன்னொரு விதியை எதிர்த்து நின்று, அதை உலகம் முழுவதும் நிறுத்தி வைக்கச் செய்தவர், ஒடிசாவின் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண். அவர் பெயர் டூட்டி சந்த்.

டூட்டியை நம் பத்திரிகைகள் பல விதமாக எழுதிவிட்டன. வறுமையை வென்றவர், தன்பால் உறவை வெளிப்படையாகச் சொன்ன முதல் இந்திய விளையாட்டு வீராங்கனை, பிறகு ஊக்கமருந்துக்காகத் தடை செய்யப்பட்டவர். மூன்றும் உண்மை. ஆனால் அவர் செய்த மிகப் பெரிய காரியம் இந்த மூன்றிலும் இல்லை. ‘நீ பெண் என்று நிரூபி’ என்று ஐம்பது ஆண்டுகளாக வீராங்கனைகளிடம் கேட்டுக்கொண்டிருந்த அமைப்புகளிடம், ‘உங்கள் விதி நியாயமானது என்று நீங்கள் நிரூபியுங்கள்’ என்று ஒரு நீதிமன்றத்தைக் கேட்க வைத்தார். நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதுதான் குடிமை உரிமைப் போராட்டங்கள் எல்லாவற்றின் அடிநாதம். அந்த வகையில் டூட்டியின் வழக்கு விளையாட்டுப் பக்கத்தில் படித்துவிட்டு மறக்க வேண்டிய செய்தி அல்ல. தமிழ்நாட்டில் இருக்கிற நமக்கு அதில் தனிப் பங்கும் உண்டு. அவருக்கு எட்டு ஆண்டுகள் முன்பு அதே கேள்விக்கு ஆளாகி, பதில் சொல்ல மேடையே கிடைக்காமல் போனவர் புதுக்கோட்டைக்காரர்.

டூட்டி 1996 பிப்ரவரி 3 அன்று ஜாஜ்பூர் மாவட்டத்தின் சக கோபால்பூர் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகள் உள்ள குடும்பம், தறிதான் வருமானம். அக்கா சரஸ்வதி ஓட்டக்காரர். அவரைப் பார்த்து ஓடத் தொடங்கிய டூட்டி 2006-இல் புவனேஸ்வர் அரசு விளையாட்டு விடுதியில் சேர்ந்தார். 2012-இல் 18 வயதுக்கு உட்பட்டோருக்கான தேசிய 100 மீட்டர் சாம்பியன். 2013-இல் புனேயில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 200 மீட்டரில் வெண்கலம். அதே ஆண்டு உக்ரைனின் டொனெட்ஸ்கில் உலக இளையோர் போட்டியின் 100 மீட்டர் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றார். 2014-இல் தைபேயில் ஆசிய ஜூனியர் போட்டியில் இரண்டு தங்கம். அடுத்து கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. கிளம்பும் நேரத்தில், அந்த ஜூலையில், அவர் பெயர் அணியிலிருந்து எடுக்கப்பட்டது.

நடந்தது இது. டெல்லிக்கு அழைத்து அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். பிறகு பெங்களூரில் ரத்தப் பரிசோதனை, குரோமோசோம் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., மகளிர் மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாக நடந்தது. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு எதற்காக இவை என்று விளக்கமாக யாரும் சொல்லவில்லை. அவருடைய உடலில் இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன், சர்வதேசத் தடகள சம்மேளனம் வகுத்த எல்லையைத் தாண்டுகிறது என்பது முடிவு. 2011-இல் அந்தச் சம்மேளனம் கொண்டுவந்த விதிப்படி, லிட்டர் ரத்தத்தில் 10 நானோமோல் அல்லது அதற்கு மேல் டெஸ்டோஸ்டிரோன் இருந்து, உடல் அதை ஏற்றுப் பயன்படுத்துவதாகவும் இருந்தால், அந்தப் பெண் பெண்கள் பிரிவில் ஓட முடியாது. ஓட வேண்டுமென்றால் மருந்து சாப்பிட்டோ அறுவை செய்துகொண்டோ அளவைக் குறைக்க வேண்டும். அவர் எதையும் உட்கொள்ளவில்லை, எதையும் மறைக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை என்பதில் சம்மேளனத்துக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் சில நாள்களில் அந்தப் பெண்ணின் சுரப்பிகளைப் பற்றி நாடே பேசியது. பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்த தான், பெண்ணாகப் போட்டியிட எதற்காக உடலைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று இந்தியத் தடகள சம்மேளனத்துக்கு டூட்டி கடிதம் எழுதினார். மருந்தும் வேண்டாம், அறுவையும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

அந்த மறுப்பின் எடை தெரிய வேண்டுமானால், மறுக்காதவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 2013-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். வளரும் நாடுகளைச் சேர்ந்த, 18 முதல் 21 வயது வரையிலான நான்கு வீராங்கனைகளுக்கு இந்த விதியின் பெயரால் அறுவை செய்த விவரம் அதில் இருந்தது. உடலுக்குள் இருந்த சுரப்பிகளை அகற்றியதோடு, ஓட்டத்துக்கும் வேகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத பெண்ணுறுப்பின் பகுதியையும் குறைத்திருந்தார்கள். சுரப்பிகளை அப்படியே விட்டிருந்தாலும் உடல்நலத்துக்கு ஆபத்து இல்லை என்று அந்த மருத்துவர்களே எழுதியிருந்தார்கள். ஏழை நாட்டுப் பெண்கள் நான்கு பேர், ஓட அனுமதி கிடைக்கும் என்ற நம்பிக்கையில், தேவையே இல்லாமல் வாழ்நாள் முழுவதும் மாத்திரையை நம்பி வாழும் உடலைப் பெற்றுக்கொண்டார்கள். டூட்டி முன் வைக்கப்பட்ட வழியும் இதுதான்.

இந்தப் பரிசோதனைகளின் வரலாறு முழுவதும் இப்படிப்பட்ட தவறுகளால் ஆனது. 1966-இல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் பெண்களை ஆடையின்றி மருத்துவர்கள் முன் நிற்க வைத்துப் பார்த்தார்கள். அது அவமானம் என்று எதிர்ப்பு வந்ததும் குரோமோசோம் சோதனைக்கு மாறினார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற போலந்தின் ஈவா க்ளோபுகோவ்ஸ்கா 1967-இல் அந்தச் சோதனையில் ‘தோற்றார்’; அவருடைய சாதனைகள் அழிக்கப்பட்டன. பிறகு அவர் ஒரு குழந்தைக்குத் தாயானார். ஸ்பெயினின் தடை ஓட்டக்காரர் மரியா ஹோசே மார்த்தினெஸ் பாத்தினோ 1985-இல் தகுதி இழந்தார். அவருக்கு எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இருந்தன. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் சுரந்தாலும் அதை அவருடைய உடலின் செல்கள் கொஞ்சமும் ஏற்காத நிலை. அதனால் அவருக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை. பதக்கம், விடுதி, உதவித்தொகை எல்லாம் போன பிறகு மூன்று ஆண்டுகள் போராடி 1988-இல் தகுதியை மீட்டார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு முடிவு வேறாக வந்தது; எட்டுப் பேரையும் ஓட அனுமதித்தார்கள். ஆண் ஒருவர் பெண் வேடத்தில் வந்தார் என்று இந்தச் சோதனைகள் ஒருவரையும் பிடித்ததில்லை. 1999-இல் ஒலிம்பிக் கமிட்டி இதைக் கைவிட்டது. கைவிட்டது எல்லோருக்குமான சோதனையைத்தான். சந்தேகம் வந்தால் ஒருவரைத் தனியாகச் சோதிக்கும் அதிகாரத்தை வைத்துக்கொண்டார்கள். யார் மேல் சந்தேகம் வரும்? பார்ப்பவர் மனதில் இருக்கிற ‘பெண்’ என்ற உருவத்துக்கு ஒத்துவராதவர் மேல்தான்.

கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் அந்தச் சந்தேகத்தில் சிக்கியவர். புதுக்கோட்டை மாவட்டத்தில், செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். 2005-இல் இஞ்சியோன் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மீண்டும் வெள்ளி. சில நாள்களில் பாலினப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி பரவியது, பதக்கம் பறிக்கப்பட்டது. முறையான விசாரணை இல்லை. அவர் தரப்பில் பேச வழக்கறிஞர் இல்லை. மேல்முறையீடு என்று ஒன்று உண்டு என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அன்றைய முதல்வர் கருணாநிதி அவருக்கு 15 லட்சம் ரூபாய் வழங்கினார். அந்தப் பணத்தை வைத்து சாந்தி புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கினார். இந்த ஒரு செய்கை போதும் அவர் யார் என்று சொல்ல. ஆனால் மனம் தாங்காமல் தற்கொலை முயற்சி வரை போனதும், 2012-இல் மறுபடி சூளையில் தினக்கூலியாக நின்றதும் இதே மாநிலத்தில் நடந்தவைதான். பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளரானார்.

சாந்திக்கு நடந்தது டூட்டிக்கு ஏன் நடக்கவில்லை? டூட்டி துணிச்சல்காரர், சாந்தி அடங்கிப்போனவர் என்று சிலர் சொல்வார்கள். அது அநியாயமான பேச்சு. எட்டு ஆண்டு இடைவெளியில் மாறியது இரண்டு பெண்களின் குணம் இல்லை, அவர்களைச் சுற்றி நின்றவர்கள்தான். சாந்தியின் கதை அதற்குள் இந்தியாவின் மனசாட்சியை உறுத்தியிருந்தது. விளையாட்டில் பாலினம் குறித்து ஆய்வு செய்த பயோஷ்னி மித்ரா டூட்டிக்கு வழிகாட்டினார். இந்திய விளையாட்டு ஆணையம் மேல்முறையீட்டுக்குத் துணை நின்றது. டொரண்டோவிலிருந்து ஜேம்ஸ் பன்டிங், கார்லோஸ் சயாவோ என்ற இரண்டு வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். முகாமில் இடம் இல்லாத நாள்களில் கோபிசந்த் தன் ஹைதராபாத் பேட்மின்டன் அகாடமியில் தங்கிப் பயிற்சி செய்ய இடம் கொடுத்தார். பயிற்சியாளர் நாகபுரி ரமேஷ் கூடவே இருந்தார். தனி ஒருவரின் வீரக்கதையாக இதைச் சொன்னால் முக்கியமான பாடம் கை நழுவிவிடும். உரிமை கேட்பவருக்குத் துணிச்சல் இருந்தால் மட்டும் போதாது. சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தின் படியேறப் பணமும் ஆளும் வேண்டும்.

அந்த லொசான் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2015 ஜூலை 24 அன்று இடைக்காலத் தீர்ப்பு சொன்னது. ஆஸ்திரேலிய நீதிபதி ஆனபெல் பெனட் தலைமையில் மூன்று பேர் அமர்வு. டூட்டி வைத்த வாதங்கள் எல்லாவற்றையும் அமர்வு ஏற்கவில்லை. ஆண்-பெண் விளையாட்டுத் திறன் வேறுபாட்டில் டெஸ்டோஸ்டிரோனுக்குப் பங்கு உண்டு என்பதை ஏற்றது. அதன் பிறகு கேட்ட கேள்வியில்தான் வழக்கு திரும்பியது. இந்த விதி பெண்களை மட்டும் கட்டுப்படுத்துகிறது. அதிலும் இயற்கையான ஒரு உடற்கூற்றுக்காகக் கட்டுப்படுத்துகிறது. எனவே மேலோட்டமாகவே இது பாகுபாடு. பாகுபாடு காட்டுகிற விதி தேவையானது, அளவானது என்று நிரூபிக்கும் பொறுப்பு விதியை வகுத்தவருடையது. ஆண்களுக்குப் பெண்களைவிட ஓட்டத்தில் சுமார் 10 சதவீதம் அனுகூலம் இருக்கிறது. இயற்கையாக டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக உள்ள பெண்ணுக்கு அந்த அளவுக்கு அனுகூலம் கிடைக்கிறது என்று சம்மேளனம் காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை. ஆகவே விதி இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. டூட்டிக்கு மட்டும் கிடைத்த சலுகை அல்ல இது. உலகத்தில் எந்தப் பெண்ணையும் அந்த விதியைக் காட்டி நிறுத்த முடியாமல் போனது.

10 சதவீதம் என்றால் என்ன என்று ஓட்டப் பாதையில் வைத்துப் பார்க்கலாம். 100 மீட்டரில் அது சுமார் பத்து மீட்டர் தூரம். 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் 100 மீட்டர் இறுதியில் டூட்டி 11.32 விநாடியில் வெள்ளி வென்றார். தங்கம் வென்ற பஹ்ரைனின் ஒடியோங் 11.30. வித்தியாசம் 0.02 விநாடி; தரையில் அளந்தால் சுமார் 18 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, பி.டி.உஷாவுக்குப் பிறகு 36 ஆண்டுகள் கழித்து ஒலிம்பிக் 100 மீட்டரில் ஓடிய இந்தியப் பெண்ணாக ரியோ போன டூட்டி, ஹீட்ஸிலேயே 11.69 விநாடியில் வெளியேறினார். அவருடைய வாழ்நாள் சிறந்த நேரம் 2021-இல் பாட்டியாலாவில் எடுத்த 11.17. உலக சாதனை 10.49. ஆணுக்கு நிகரான அனுகூலம் என்று பயந்தார்களே, அது இந்த எண்களில் எங்கே இருக்கிறது?

இதற்கு ஒரு சரியான மறுப்பு உண்டு. ஒருவருடைய நேரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தச் சுரப்பு இல்லாமலிருந்தால் அவர் இன்னும் மெதுவாக ஓடியிருக்கலாம் அல்லவா என்று கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஓட்டக்காரரின் உயரம், தசை நார், உணவு, பயிற்சி, பயிற்சியாளர், பிறந்த ஊர் என்று எத்தனையோ சேர்ந்துதான் அந்த 11.32. அதிலிருந்து டெஸ்டோஸ்டிரோனின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் பிரித்தெடுக்க முடியாத ஒன்றைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பறிக்கலாமா என்பதுதான் வழக்கு. சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும் என்பதில் நம் நீதி மரபு தெளிவாகவே இருக்கிறது.

இன்னும் வலுவான ஆட்சேபம் மற்ற பெண்களின் தரப்பிலிருந்து வருகிறது. பெண்கள் பிரிவு என்று ஒன்றை வைத்ததே ஆண் உடலின் அனுகூலத்திலிருந்து பெண்களைக் காப்பதற்காக. அந்த வேலியைத் தளர்த்தினால் ஆண்டுக்கணக்கில் உழைத்த மற்ற வீராங்கனைகளுக்கு அநியாயம் இல்லையா? இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். பெண்கள் பிரிவு வேண்டும், அதற்கு எல்லையும் வேண்டும். டூட்டிக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் ‘உசேன் போல்ட்டின் உயரமும் இயற்கைதானே’ என்ற வாதம் எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. போட்டியை நாம் உயரத்தால் பிரிக்கவில்லை, பாலால்தான் பிரிக்கிறோம். ஆனால் எல்லை வேண்டும் என்பதிலிருந்து, எந்த எல்லையும் சரி, எப்படி அமல்படுத்தினாலும் சரி என்று ஆகிவிடாது. மற்ற பெண்களின் பெயரால் எழுதப்பட்ட விதிகள் அவர்களுக்கு என்ன செய்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதல்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துப் போனதைக் காட்டி, பெண் உடல் இந்தத் தூரத்தைத் தாங்காது என்று அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். 1960 வரை, 32 ஆண்டுகள், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் கிடையாது. அன்றும் சொன்னது பெண்களைக் காப்பதற்காக என்றுதான். சாந்தியின் ஓட்டமும் அந்த 800 மீட்டர்தான்.

லொசான் கேட்ட ஆதாரத்தைச் சம்மேளனம் பிறகு கொண்டுவந்தது. 2017-இல் அதன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், 800 மீட்டர், சங்கிலிக் குண்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல் ஆகிய ஐந்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடிய பெண்களுக்கு 1.8 முதல் 4.5 சதவீதம் வரை அனுகூலம் என்றது. 10 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு என்று வாசகரே பார்த்துக்கொள்ளலாம். 2018-இல் வந்த புதிய விதி 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களைக் கட்டுப்படுத்தியது. எறிதலும் தாண்டுதலும் விடப்பட்டன. ஆய்வில் அனுகூலம் காட்டாத 1500 மீட்டர் சேர்க்கப்பட்டது. டூட்டியின் 100, 200 மீட்டர் தப்பின. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா சிக்கினார். அவர் தொடுத்த வழக்கில் 2019 மே 1 அன்று அதே லொசான் நீதிமன்றம், விதி பாகுபாடுதான், ஆனால் தேவையான பாகுபாடு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. இரண்டு ஆண்டு கழித்து, 2021-இல், அந்த 2017 ஆய்வை எழுதியவர்களே காரண காரியத் தொடர்பு இருப்பதுபோல் அதில் எழுதியது தவறாகப் புரிந்துகொள்ள இடம் தரக்கூடும் என்று திருத்தம் வெளியிட்டார்கள். திருத்தம் வந்தது, விதி போகவில்லை. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, செமன்யாவின் வழக்கைச் சுவிட்சர்லாந்து உச்ச நீதிமன்றம் போதிய கவனத்தோடு விசாரிக்கவில்லை, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது.

டூட்டியைப் பற்றிப் பேசினால் உடனே வருகிற இன்னொரு கேள்வி ஊக்கமருந்து. 2022 டிசம்பரில் எடுத்த இரண்டு மாதிரிகளில் தடை செய்யப்பட்ட மருந்துகள் இருந்தன. தெரியாமல் உட்கொண்டதாக அவர் சொன்னார், அது ஏற்கப்படவில்லை. 2023 ஜனவரி முதல் நான்கு ஆண்டு தடை. இதை மறைத்து அவரை உயர்த்திப் பேசுவதில் எனக்கு விருப்பம் இல்லை. அந்தத் தடை நியாயமானது. அவரைப் பார்த்து ஓடத் தொடங்கிய பிள்ளைகளுக்கு அது வருத்தம் தருவதும்தான். ஆனால் ‘அப்போதே சொன்னோமே’ என்று 2014-ஐ இதோடு முடிச்சுப் போடுவது தவறு. ஊக்கமருந்து விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஒருவர் செய்த செயலுக்காக, விசாரித்து, பதில் கேட்டு, தண்டிக்கிறது. 2014-இல் அவர் எதுவும் செய்யவில்லை. அவர் உடல் எப்படி இருந்தது என்பதற்காகத் தள்ளி வைக்கப்பட்டார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட டூட்டியின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. உரிமை கேட்டு வழக்காடியவர் வாழ்நாள் முழுதும் குற்றமற்றவராக இருந்தால்தான் அந்த உரிமை செல்லும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அவர் தன் ஓட்டத்துக்காக மட்டும் போராடினார், பொது நோக்கம் எதுவும் இல்லை என்பாரும் உண்டு. 2019 மே மாதம் அவர் செய்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பால் உறவைக் குற்றம் என்ற 377-ஆம் பிரிவின் பகுதியை நீக்கியது. எட்டு மாதம் கழித்து, தன் ஊர்ப் பெண் ஒருவரோடு உறவில் இருப்பதாக டூட்டி வெளிப்படையாகச் சொன்னார். வீட்டிலும் ஊரிலும் கடும் எதிர்ப்பு. அதனால் அவருக்குப் பதக்கமோ பணமோ வரப்போவதில்லை. விளம்பர வாய்ப்பு போகலாம் என்ற ஆபத்துதான் இருந்தது. இரண்டு மாதத்தில் நேப்பிள்ஸில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டர் தங்கம் வென்றார். கிராமத்தில் பிறந்த, ஆங்கிலம் சரளமாக வராத ஒரு பெண் இதைச் சொன்னதால், இது பெருநகரத்து ஆங்கிலம் படித்தவர்களின் விவகாரம் என்ற பேச்சுக்கு வாய்ப்பில்லாமல் போனது.

பால் காரணமாகத் தகுதி இல்லை என்ற ஏற்பாட்டை நீக்குவதில் சென்னைக்குப் பழைய வரலாறு உண்டு. 1917-இல் அடையாறில் தொடங்கப்பட்ட இந்தியப் பெண்கள் சங்கம் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டது; 1921-இல் சென்னை மாகாணம் பெண்கள் வாக்களிக்க இருந்த தடையை நீக்கியது, இந்திய மாகாணங்களில் முதலாவதாக. நம் காலத்திலும் இங்குள்ள நீதிமன்றம் முன்னால் நடந்திருக்கிறது. கரூர் மாவட்டத்தில் பெண் காவலராகச் சேர்ந்த ஒருவரை, மருத்துவப் பரிசோதனை முடிவைக் காட்டி நீ பெண் அல்ல என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். 2014 ஏப்ரல் 17 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.நாகமுத்து அந்த நீக்கத்தை ரத்து செய்தார். பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து, தன்னைப் பெண் என்று உணர்கிறவரை ஆய்வக முடிவு மாற்றிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். டூட்டியை அணியிலிருந்து எடுத்தது அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான். 2019 ஏப்ரலில் மதுரை அமர்வில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவசியமற்ற பாலின அறுவை செய்வதைத் தடுக்கச் சொன்னார்; அந்த ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது, இந்தியாவில் முதலாவதாக. பிறந்த குழந்தையின் உடலை வெட்டித் திருத்தக் கூடாது என்று சொன்ன அரசு, பதினெட்டு வயது ஓட்டக்காரியின் உடலைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டது.

பேச வேண்டிய நேரம் இப்போது. 2023 மார்ச்சில் உலகத் தடகள அமைப்பு (முன்பு சர்வதேசத் தடகள சம்மேளனம்) டெஸ்டோஸ்டிரோன் எல்லையை 2.5 நானோமோலாகக் குறைத்து எல்லாப் போட்டிகளுக்கும் விரித்தது. டூட்டியின் 100 மீட்டரும் உள்ளே வந்தது. 2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் பங்கேற்க எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு இருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். கன்னத்துச் செல்லோ ஒரு துளி ரத்தமோ போதும். மெக்சிகோவில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம், எல்லோருக்கும் சோதனை, முடிவு வேறாக வந்தால் வெளியே. பாத்தினோவுக்கு நடந்ததை இனியும் நடக்க விடக் கூடாது என்று அந்த அமைப்பு விலக்குகள் வைத்திருக்கிறது. ஆனால் அந்த விலக்கைக் கேட்டுப் பெற மருத்துவ அறிக்கையும் வழக்கறிஞரும் வேண்டும். மயிலாப்பூர் வீட்டுப் பெண்ணுக்கு அவை கிடைத்துவிடும். கத்தக்குறிச்சிப் பெண்ணுக்கு யார் தருவார்?

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தர வேண்டும். சர்வதேசப் போட்டிக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சோதனைக்கு முன்பே தமிழில் அதை விளக்கிச் சொல்ல ஒரு மருத்துவர், முடிவு வேறாக வந்தால் உடன் நிற்க ஒரு மனநல ஆலோசகர், மேல்முறையீட்டுக்கு அரசுச் செலவில் ஒரு வழக்கறிஞர், முடிவை வெளியே சொல்பவர் யாராயிருந்தாலும் நடவடிக்கை. இந்த நான்கையும் ஓர் அரசாணையில் எழுதிவிடலாம். அதோடு, தோஹாவில் விசாரணை இன்றிப் பறித்த வெள்ளிப் பதக்கத்தைத் திருப்பிக் கேட்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் வழியாக ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலுக்கு மாநில அரசு எழுத வேண்டும். சாந்தி இன்னும் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுப்பவராக நம்மிடையே இருக்கிறார். பதக்கம்தான் அவரிடம் திரும்பவில்லை.